லூசோஃபோனியா போட்டிகள்: வாசகர் கேள்வி–பதில்

கோவாவில் 2014-இல் நடந்த லூசோஃபோனியா போட்டியில் இந்தியா 92 பதக்கங்களோடு முதலிடம் பிடித்ததைப் போன இதழில் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே.

கேள்வி: இப்படி ஒரு போட்டி இருப்பதே எனக்குத் தெரியாது. யார் நடத்துகிறார்கள், எந்தெந்த நாடுகள் ஆடுகின்றன? (நாகர்கோவில் வாசகர்)

காமன்வெல்த் போட்டியில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகள் கூடுகின்றன. லூசோஃபோனியாவில் போர்ச்சுகலோடு வரலாறு பின்னிக்கிடக்கும் நாடுகள் கூடுகின்றன. போர்த்துகீசியம் ஆட்சிமொழியாக உள்ள நாடுகளின் ஒலிம்பிக் குழுக்கள் 2004 ஜூன் 8 அன்று போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் கூடி ஒரு சங்கம் தொடங்கின. அதன் சுருக்கப் பெயர் அகோலோப். போட்டியை நடத்துவது இந்தச் சங்கம்தான்.

போர்ச்சுகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ், கேப் வெர்டே, சாவோ டோமே பிரின்சிபே, கிழக்கு திமோர், சீனாவின் தனி நிர்வாகப் பகுதியான மக்காவ் ஆகியவை இதில் இருக்கின்றன. ஈக்வடோரியல் கினியும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் இணை உறுப்பினர்கள். போர்ச்சுகல் ஆண்ட கோவாவின் பெயரால் இந்தியா உள்ளே வந்தது.

இதுவரை மூன்று முறை நடந்திருக்கிறது: மக்காவில் 2006 அக்டோபர் 7 முதல் 15 வரை, லிஸ்பனில் 2009 ஜூலை 11 முதல் 19 வரை, கோவாவில் 2014 ஜனவரி 18 முதல் 29 வரை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். போர்த்துகீசிய மொழி நாடுகளின் கூட்டமைப்பு என்று அரசுகளின் அமைப்பு ஒன்று உண்டு. அது 1996-இல் தொடங்கியது. அதன் பெயரில் நடப்பது 16 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. அது வேறு, இது வேறு. இணையத்தில் தேடும்போது இரண்டின் பதக்கக் கணக்கும் கலந்து வரும், பார்த்துப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பறங்கியர் சில குடும்பங்களில் இன்னும் போர்த்துகீசியக் கிரியோல் (கலப்புமொழி) பேசுகிறார்கள். இலங்கை சேர்க்கப்பட்டது அதனால்தானா? (மட்டக்களப்பு வாசகி)

அந்த வரலாற்றால்தான். போர்த்துகீசியர் இலங்கைக்கு வந்தது 1505-இல். யாழ்ப்பாண அரசை 1619-இல் எடுத்துக்கொண்டார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் அவர்களை முழுக்க வெளியேற்றினார்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் நீங்கள் சொல்லும் குடும்பங்கள் அந்தக் காலத்தின் தொடர்ச்சி. ஆனால் இலங்கையில் போர்த்துகீசியம் ஆட்சிமொழி இல்லை. அதனால் முழு உறுப்பினர் தகுதி கிடையாது, இணை உறுப்பினர் மட்டும்தான். களத்தில் இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. கோவாவில் இலங்கையின் தடகள வீரர்கள் பதக்கம் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள்.

அணியில் இடம் பெறப் போர்த்துகீசியம் பேச வேண்டும் என்றோ, பறங்கியர் வம்சமாக இருக்க வேண்டும் என்றோ விதி ஏதும் இல்லை. தேசிய ஒலிம்பிக் குழு யாரை அனுப்புகிறதோ அவர்கள் ஆடலாம்.

கேள்வி: பிரேசில் இருக்கும் போட்டியில் இந்தியா 92 பதக்கம் வாங்கியது என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. எப்படி முடிந்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

தங்கம் 37, வெள்ளி 26, வெண்கலம் 29. கணக்கு சரிதான். ஆனால் இந்த எண்ணைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் எவ்வளவு பேரை அனுப்பினார்கள் என்பது. மக்காவிலும் லிஸ்பனிலும் பிரேசில்தான் முதலிடம், போர்ச்சுகல் இரண்டாமிடம். கோவாவுக்கு வந்தபோது பிரேசில் பட்டியலில் வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. போட்டி நடத்தும் நாட்டுக்குப் பயணச் செலவு கிடையாது. எல்லாப் பிரிவிலும் ஆள் நிறுத்தலாம். கடல் தாண்டி வரும் நாடு, பதக்க வாய்ப்பு உள்ள பிரிவுகளுக்கு மட்டும் ஆள் அனுப்பும்.

இரண்டாவது, எந்த விளையாட்டுகளைச் சேர்ப்பது என்பதில் நடத்தும் ஊருக்கும் பங்கு உண்டு. கோவாவில் வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலை புதிதாக வந்தது. அதில் இந்தியாவுக்கும் மக்காவுக்கும் பழக்கம் உண்டு. சாவோ டோமேயில் வூஷு பயிற்சியாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். தற்காப்புக் கலைகளில் பதக்கம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். டேக்வாண்டோவில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். மூன்றாமிடத்துக்கு என்று தனி ஆட்டம் கிடையாது. ஒரு எடைப் பிரிவில் நான்கே பேர் பெயர் கொடுத்திருந்தால், எடை பார்க்கும் மேடையில் தேறிய நால்வருக்கும் பதக்கம் உறுதி. ஜூடோவில் அப்படி இல்லை. காலிறுதியில் தோற்ற நால்வருக்கு மறுவாய்ப்புச் சுற்று உண்டு. அதில் வென்ற இருவர், அரையிறுதியில் தோற்ற இருவரோடு மோதி இரண்டு வெண்கலங்களைப் பிரித்துக்கொள்வார்கள். எட்டுப் பேர் இருந்தால் நால்வர் வெறுங்கையோடு போவார்கள். மூன்று முதல் ஐந்து பேர் மட்டும் என்றால் எல்லோரும் எல்லோரோடும் மோதும் சுழல்முறை. இருவரே இருந்தால் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவருக்கு முதலிடம்.

ஆகவே ஒரு பதக்கத்தின் எடை தெரிய வேண்டுமானால், அந்தப் பிரிவில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று முதலில் பாருங்கள். இந்தியா பெற்றதைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கால்பந்து இறுதியாட்டத்தில் மொசாம்பிக்கைத் தோற்கடித்து வாங்கிய தங்கத்தையும், நால்வர் மட்டும் இறங்கிய ஒரு பிரிவின் வெண்கலத்தையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுவதுதான் தவறு.

எங்கள் பார்வையில் இந்தப் போட்டியின் மதிப்பு பட்டியலின் உச்சியில் இல்லை. அங்கோலா, கினி-பிசாவ், சாவோ டோமே, கிழக்கு திமோர் ஆகிய நாடுகள் ஒலிம்பிக்கில் இன்றுவரை ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. கேப் வெர்டேக்கு முதல் பதக்கம் 2024-இல் பாரிஸில்தான், குத்துச்சண்டையில், கிடைத்தது. மக்காவின் நிலை இன்னும் சிக்கல்: அதன் ஒலிம்பிக் குழுவைச் சர்வதேச ஒலிம்பிக் குழு அங்கீகரிக்கவில்லை, ஆகவே மக்காவ் என்ற பெயரில் ஒலிம்பிக்குக்குப் போகவே முடியாது. இப்படிப்பட்ட அணிகளுக்கு, முதல் சுற்றிலேயே உலகச் சாம்பியனிடம் அடிபட்டு வீடு திரும்பாமல், தன் தரத்துக்குப் பக்கத்தில் உள்ள எதிராளிகளோடு நான்கைந்து ஆட்டம் ஆடக் கிடைக்கும் இடம் இது.

கேள்வி: போர்த்துகீசியரிடமிருந்து விடுதலை பெற்ற கோவா, அவர்கள் பெயரில் விழா எடுப்பது சரியா? (மதுரை வாசகர்)

கோவாவிலும் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. 1510 முதல் 1961 டிசம்பர் வரை நீடித்த ஆட்சி அது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் மூன்றும் போர்ச்சுகலை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் ஆயுதம் ஏந்திப் போராடி, 1970-களின் நடுவில் விடுதலை பெற்றவை. அவர்களே இந்த மேடையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மூன்று போட்டிகளில் ஒன்றைத்தான் போர்ச்சுகல் நடத்தியது. காமன்வெல்த் போட்டிக்கு இந்தியா தயங்காமல் அணி அனுப்புகிறது. இதற்கு மட்டும் வேறு அளவுகோல் வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கோவா ஏன் போட்டியைத் தள்ளிவைத்தது? எங்கள் மாவட்டத்திலும் செயற்கை ஓடுதளம் ஒன்று பாதியில் நிற்கிறது. அப்படி என்னதான் அதில் கஷ்டம்? (திருச்சி, உடற்கல்வி ஆசிரியர்)

முதலில் குறித்த தேதி 2013 நவம்பர் 2 முதல் 10 வரை. அரங்க வேலைகள் முடியாததால் 2014 ஜனவரிக்குத் தள்ளினார்கள். பாம்போலிம் தடகள அரங்கம், ஃபடோர்டா கால்பந்து அரங்கம், உள்ளரங்குகள் என்று ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை நடந்தது. கோவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை. நவம்பர் தொடக்கத்தில் போட்டி என்றால், மழை விட்டபின் கையில் கிடைப்பது ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஓடுதளத்துக்கு மழை ஏன் எதிரி என்பதை நீங்கள் கேட்டதால் விரிவாகவே சொல்கிறோம்.

கீழே மண்ணை இறுக்கி, ஜல்லி பரப்பி, அதன்மேல் இரண்டு அடுக்குத் தார்க்கலவை போட வேண்டும். தார் போட்ட மறுநாளே ரப்பர் அடுக்கை ஒட்டக் கூடாது. தாரில் உள்ள எண்ணெய்ப் பசை வெளியேற இரண்டு முதல் நான்கு வாரம் ஆறவிட வேண்டும். இல்லையென்றால் மேலடுக்கு பிடிக்காது, ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். ஆறியபின் 4 மீட்டர் நீளமுள்ள நேர்க்கோலைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலுக்கு அடியில் எங்கும் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பிறகு தண்ணீரை விட்டு நனைத்து, 20 நிமிடம் கழித்து எங்கே குட்டையாகத் தேங்கி நிற்கிறது என்று சுண்ணாம்பால் வட்டமிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்ததாரர்கள் அவசரத்தில் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தைத்தான். இங்கே விட்ட குழி மேலடுக்கு போட்ட பிறகும் குழியாகவே இருக்கும்.

அடுத்து பாலியூரித்தேன். ரப்பர்த் துகளும் பசையும் கலந்த அடி அடுக்கு சுமார் 10 மில்லிமீட்டர், மேலே நிறம் தரும் அடுக்கு சுமார் 3 மில்லிமீட்டர். உயரம் தாண்டும் இடம், ஈட்டி எறியும் ஓடுபாதையின் முடிவு போன்ற ஆணிக்காலணி அதிகம் குத்தும் இடங்களில் 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை போடுவார்கள். பாலியூரித்தேன் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். உறைவதற்கு முன் மழை விழுந்தாலோ, தாருக்குள் ஈரம் மிச்சமிருந்தாலோ, அந்த வாயு வெளியே வர வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். வேலை தொடங்கும்போது தரையின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். விடிகாலையில் தரையைத் தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று தொடங்குவது ஆபத்து.

கடைசியில் கோடு போடுவது. ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் முதல் பாதை 400 மீட்டர் வர வேண்டும். மற்றப் பாதைகளுக்கு உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர். முழுச் சுற்றும் தனித்தனிப் பாதையில் ஓடும் 400 மீட்டருக்கு, இரண்டாம் பாதையின் தொடக்கக் கோடு 7.04 மீட்டர் முன்னால், மூன்றாவது 14.70 மீட்டர் முன்னால் இருக்கும். வளைவின் ஆரம் 36.50 மீட்டராக உள்ள நிலையான தளத்துக்குத்தான் இந்த எண்கள் பொருந்தும். உங்கள் மாவட்டத் தளத்தின் ஆரம் வேறாக இருந்தால் அப்படியே எடுத்துப் போடாதீர்கள், நில அளவையாளரை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். இந்தக் கோடுகள் தவறினால் அந்தத் தளத்தில் ஓடிய எந்த நேரமும் சாதனைப் பட்டியலில் ஏறாது.

கேள்வி: ஃபுட்சால், கடற்கரை வாலிபால் இரண்டும் இந்தப் போட்டியில் இருந்ததாகப் படித்தேன். எங்கள் கடற்கரையிலும் ஆடுகிறோம். சரியான அளவுகள் வேண்டும். (புதுச்சேரி வாசகர்)

ஃபுட்சால், அதாவது உள்ளரங்கில் ஆடும் சிறு கால்பந்து, மக்காவிலும் லிஸ்பனிலும் இருந்தது, கோவாவில் இல்லை. சர்வதேசத் தளம் பெரும்பாலும் 40 மீட்டருக்கு 20 மீட்டர், கோல் கம்பம் 3 மீட்டருக்கு 2 மீட்டர், பக்கத்துக்கு ஐவர். 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும். சாதாரணக் கால்பந்தை வைத்து ஆடினால் ஆட்டமே கெட்டுவிடும். ஃபுட்சால் பந்து 4-ஆம் எண் அளவு. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும். ஒரு பாதியில் அணியின் தவறுகள் ஐந்தைத் தாண்டினால், ஆறாவதிலிருந்து தடுப்புச் சுவர் இல்லாமல் நேரடி உதை. நம் ஊர்ப் போட்டிகளில் இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதத் தொடங்கினால் முரட்டாட்டம் பாதி குறையும்.

கடற்கரை வாலிபால் கோவாவில் மீராமார் கடற்கரையில் நடந்தது. தளம் 16 மீட்டருக்கு 8 மீட்டர், சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம். வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். மணல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தளர்வாக இருக்க வேண்டும். கடல் நீர் ஏறி இறங்கும் ஓரத்தில் மணல் இறுகிக் கிடக்கும். அங்கே தளம் போட்டால் பாய்ந்து விழும்போது தோளும் முழங்காலும் போய்விடும். மேட்டுப் பக்கம் தள்ளிப் போட்டு, கிளறி, கிளிஞ்சல் பொறுக்கிவிட்டு ஆடுங்கள். முதல் இரண்டு செட்டில் மொத்தப் புள்ளி ஏழு ஆகும்போதெல்லாம் பக்கம் மாற வேண்டும், 15 புள்ளி செட்டில் ஐந்துக்கு ஒருமுறை. காற்றும் வெயிலும் ஒரே அணியை வாட்டக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி.

கேள்வி: நான்காவது போட்டி என்னவாயிற்று? (சென்னை வாசகி)

2017-இல் மொசாம்பிக்கின் தலைநகர் மபுடோவில் நடக்க வேண்டியது. நடக்கவில்லை. கோவாவுக்குப் பிறகு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

மபுடோவில் அரங்கம் இல்லாத குறை கிடையாது. 2011-இல் அனைத்து ஆப்பிரிக்கப் போட்டியை நடத்திய ஊர் அது. ஜிம்பெட்டோ தேசிய அரங்கம் அப்போது கட்டப்பட்டது. ஆனால் 2016-இல் மொசாம்பிக் அரசு நூறு கோடி டாலருக்கு மேல் கடனை மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. சர்வதேச நிதியமும் உதவி செய்துவந்த நாடுகளும் பணத்தை நிறுத்தின. அந்த நிலையில் ஒரு நாடு விளையாட்டு விழாவுக்கு எங்கே போகும்? மக்காவின் அனுபவத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2005 கிழக்காசியப் போட்டிக்காகக் கட்டிய அரங்குகளையே அடுத்த ஆண்டு லூசோஃபோனியாவுக்கும், 2007-இல் ஆசிய உள்ளரங்கப் போட்டிக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். கையில் அரங்கமும் கஜானாவில் பணமும் ஒரே நேரத்தில் இருந்தன.

பயணம் இன்னொரு முள். இந்த நாடுகள் நான்கு கண்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கினி-பிசாவின் தலைநகர் பிசாவிலிருந்து கோவாவுக்கு நேர் விமானம் கிடையாது. வழக்கமான வழி லிஸ்பன். அந்த லிஸ்பன்–பிசாவ் விமானமும், பொய்க் கடவுச்சீட்டோடு வந்த 74 பயணிகளை கினி-பிசாவ் அதிகாரிகள் வற்புறுத்தி ஏற்றிய விவகாரத்தில், 2013 டிசம்பரில் நின்றுபோனது. கோவா போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இதோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. அங்கோலா, பிரேசில், கினி-பிசாவ், ஈக்வடோரியல் கினி ஆகிய நாடுகளிலிருந்து இந்தியாவுக்குள் வர அந்தச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். பன்னிரண்டு நாள் போட்டியில் ஆறு நாள் போனால் ஆடுவதற்கு என்ன மிச்சம்? அணி மேலாளர் முதலில் சரிபார்க்க வேண்டிய காகிதம் அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ்தான்.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது, டேக்வாண்டோ பழகுகிறாள். இத்தகைய சர்வதேசப் போட்டிக்கு அனுப்ப என்ன வழி? அவளுக்கு இழுப்பு இருப்பதால் பம்ப் பாவிக்கிறாள். (யாழ்ப்பாணம், ஒரு தாய்)

நேரே விண்ணப்பிக்கும் வழி கிடையாது. மாகாணப் போட்டி, தேசியப் போட்டி, சம்மேளனத்தின் தேர்வு என்று படியேற வேண்டும். இலங்கையில் 1973-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் ஒப்புதலும் தேவை; பிறகுதான் ஒலிம்பிக் குழு பெயரை அனுப்பும். சீனியர் பிரிவுக்கு 17 வயது ஆக வேண்டும். ஆகவே இந்த ஓராண்டில் கடவுச்சீட்டு, உலகச் சம்மேளனத்தின் வீரர் உரிமம் இரண்டையும் எடுத்து வையுங்கள். தேர்வு முடிந்தபின் ஓடினால் பெயர்ப்பதிவு நாள் கடந்துவிடும்.

எடைப் பிரிவை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 49, 57, 67 கிலோ வரை, அதற்கு மேல் என்று நான்கு பிரிவுகள். உலகச் சாம்பியன்ஷிப்பில் எட்டு. எடை பார்ப்பது ஆட்டத்துக்கு முந்தின நாள். மறுநாள் காலை குலுக்கலில் சிலரை மீண்டும் நிறுத்துவார்கள். பிரிவின் எல்லையைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் வெளியேற்றம். தண்ணீர் குடிக்காமல் எடையை இறக்கிவிட்டு இரவில் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். வளரும் பிள்ளைக்கு அது நல்லதும் அல்ல.

இழுப்புக்கு உறிஞ்சும் சில மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வருவதால், பம்ப் விஷயத்தில் மருந்தின் பெயர் முக்கியம். சால்புட்டமால் என்றால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகாமல், முன் அனுமதி இல்லாமலே பாவிக்கலாம். ஒரு அமுக்கு 100 மைக்ரோகிராம் என்றால் எட்டு மணி நேரத்தில் ஆறு அமுக்கு. டெர்பூட்டலின் என்றால் அளவு எதுவானாலும் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் மருத்துவ விலக்கு வாங்கியே ஆக வேண்டும். பெட்டியை எடுத்துப் பெயரைப் பாருங்கள். மருத்துவரின் குறிப்பையும் மூச்சுப் பரிசோதனை அறிக்கையையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சளிக்கு வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபட்ரின் இருக்கிறதா என்றும் மருந்துக்கடையில் கேளுங்கள். போட்டி நாளில் சிறுநீரில் அது அளவுக்கு மேல் இருந்தால் தடை விழும்.